சுத்தமான கை

சின்னமனூர்
9 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை முனீஸ்வரிக்கு,

உன் மகள் அபிதாவின் நிச்சயதார்த்தத்தில் நான் தட்டை வீசி எறிந்தேன் என்று வடுகபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். நான் வீசவில்லை. கீழே போட்டேன் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. தட்டு என் கையிலிருந்து விழுந்தது. நடந்தது அவ்வளவுதான். இதை நீ எல்லோரிடமும் இப்படியே சொல்ல வேண்டும், கூட்டாமல் குறைக்காமல்.

மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை என்று ஜூலையில் உன்னிடம் சொன்னது உண்மை. அதை மறுக்கப் போவதில்லை. எம்.எஸ்ஸி. படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண்ணுக்கு, கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன் எதற்கு என்று கேட்டேன். என் வீட்டுக்கு வந்தபோது பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தேன். அதைச் சாசரில் ஊற்றி உறிஞ்சிக் குடித்தான். அதையும் சொன்னேன். ஆனால் நீங்கள் எல்லோரும் முடிவு செய்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பிடிக்காததை வாயால் சொல்லத் தெரிந்தவள் தட்டால் சொல்ல மாட்டாள்.

அன்று காலையிலிருந்தே வலது கை கொஞ்சம் மரத்திருந்தது. பித்தளைத் தட்டு, அதன் மேல் தேங்காய், பழம், பட்டு. கனம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ அழுவாய், நான் சத்தம் போடுவேன். காகிதத்தில் எழுதினால் ஒருவர் சொல்லி முடிக்கும் வரை மற்றவர் குறுக்கே வர முடியாது. கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எங்களை வாரம் ஒரு கடிதம் எழுத வைத்தது அதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

வாழை குலை தள்ளிவிட்டது. உன் வீட்டுக்காரர் வேல்பாண்டி மாப்பிள்ளையின் பூண்டு மண்டி எப்படிப் போகிறது?

உன் அக்கா
சோணையம்மாள்


வடுகபட்டி
16 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மன்னிப்பு மாதிரி ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன். எனக்குப் பாடம் எடுத்த மாதிரி இருக்கிறது.

அன்று உன்னைத் தட்டு எடுக்க வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்தாய். மொக்கைச்சாமி மாமா சபையில் எழுந்து, "ஏத்தா முனீஸ்வரி, புருசன் இல்லாதவ கையில நல்ல காரியத் தட்டக் குடுக்கப் போறியாமுல்ல? ஊருல வேற பொம்பளையே இல்லையா?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா நாகஜோதியும் முகத்தைச் சுளித்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன்: "எங்க அக்கா, மச்சான் போனதுல இருந்து நாக்கக் கட்டுனவுக. கறி இல்ல, மீனு இல்ல, முட்ட இல்ல. பாலு, மோரு கூடத் தொட மாட்டாக. அவுக கைய விடச் சுத்தமான கை இந்தச் சபையில எவ கை? காட்டுங்க பாப்போம்." மாமா கூட உட்கார்ந்துவிட்டார்.

அப்படிச் சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்து தட்டை எடுத்தாய். நாகஜோதி கையை நீட்டினார்கள். தட்டு கீழே கிடந்தது.

நீ குனியவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாய். மரத்திருந்தது என்றால் அங்கேயே சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது அவர்கள் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். சகுனம் சரியில்லை என்கிறார்கள். தை மாதக் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் நீ கம்பத்துக்கு வந்து, எனக்குச் சம்மதம் என்று நாகஜோதியிடம் நேரில் சொல்ல வேண்டுமாம்.

அம்மா இல்லாத எனக்கு நிச்சயத் தட்டு எடுத்தவள் நீ. என் மகளுக்கும் நீதான் எடுக்க வேண்டும் என்று அத்தனை பேரிடமும் வம்புக்கு நின்றேன். அதற்கு எனக்கு இதுதானா?

அபிதா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் பதில் சொல்வதில்லை.

முனீஸ்வரி


சின்னமனூர்
23 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வேல்பாண்டி மாப்பிள்ளையிடம் கூடக் காட்டாதே.

சித்திரையிலிருந்து என் கைகளும் கால்களும் என்னுடையவை மாதிரி இல்லை. முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. குனிந்து பார்ப்பேன், எறும்பு இருக்காது. பிறகு மணல் போட்ட காலுறைக்குள் காலை விட்டது போல ஆனது. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் மட்டும் செருப்பு இருக்கும். இன்னொன்று எங்கே கழன்றது என்று தெரியாது. பூச்சந்தைக்கார அம்மாள் எடுத்து வைத்திருந்து, "டீச்சரம்மா, ஒத்தச் செருப்போட எங்கிட்டுப் போறீக?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் டீச்சரும் இல்லை.

ஆடியில் ஒரு நாள் தோசை ஊற்றும்போது ஏதோ தீய்கிற வாடை வந்தது. தோசைதான் என்று திருப்பிப் போட்டேன். தோசை நன்றாக இருந்தது. கல்லில் தீய்ந்தது என் விரல்.

நான் பள்ளியில் படித்தபோது கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்களை ஓர் இல்லத்துக்குக் கூட்டிப்போவார்கள். பழம், ரொட்டி கொடுக்க. அங்கே ஒருவர் கொதிக்கிற தண்ணீர்க் கெட்டிலை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். சிஸ்டர் ஓடிப் போய் வாங்கினார்கள். திரும்பி வரும் வழியில், அந்த நோயில் முதலில் போவது உணர்ச்சிதான் என்று எங்களுக்குச் சொன்னார்கள். முனீஸ்வரி, அந்தப் பெயரை எழுதிவிடுகிறேன். தொழுநோய். விரல் தீய்ந்த அன்றிலிருந்து அந்தக் கெட்டில்தான் என் கண்ணில் நிற்கிறது.

தட்டு விழுந்ததும் கையை ஏன் மறைத்தேன் என்று கேட்டாயே. விரலில் புண் இருந்தது. என் கையில் உணர்ச்சி இல்லை என்று சபையில் சொன்னால், அங்கே யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார். அபிதாவின் கல்யாணம் அதோடு நிற்கும். பெரியம்மா திமிர் பிடித்தவள் என்றால் கல்யாணம் நிற்காது. அதனால் திமிர் பிடித்தவளாகவே இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எனக்கே அது குழப்பமாக இருக்கிறது. தட்டு நழுவுவது எனக்குத் தெரியவில்லை. சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அப்படியானால், வேண்டாம் என்று என் மனதுக்குள் இருந்ததைக் கை தானாகவே செய்துவிட்டதா? வீசவில்லை என்று முதல் கடிதத்தில் அடித்துச் சொன்னேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் எது உண்மை என்று எனக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது?

கம்பத்துக்கு நான் வரவில்லை. நாகஜோதி கையைப் பிடித்துப் பேசுகிறவர்கள்.

உன் அக்கா
சோணையம்மாள்


வடுகபட்டி
28 செப்டம்பர் 2024

என் அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இவரிடமும் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள். எனக்குக் கவலையில்லை.

சித்திரையிலிருந்தா? ஆறு மாதமாக விரலைச் சுட்டுக்கொண்டு, செருப்பைத் தொலைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நீ சின்னமனூரிலிருந்து பஸ் ஏறி வருவாயே. அந்த உரிமை உனக்கு மட்டும்தானா?

அந்த நோயின் பெயரை இவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மரப்பு என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கே இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவர், "வேற ஒண்ணுமில்ல, வாயுதான். மலைப்பூண்ட பால்ல வேக வச்சு மதினிக்குக் குடு" என்கிறார். அவருக்கு எந்த நோய் என்றாலும் பூண்டுதான். எதிர்வீட்டு ஜக்கம்மா சர்க்கரைதான் என்று சத்தியம் செய்கிறாள். அவளுடைய மாமியாருக்கும் இப்படித்தான் பாதம் எரிந்ததாம். மண்டியில் கணக்கு எழுதுகிறவர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்கிறார். ஒரு கிழவி, "யாரோ தட்டுல செஞ்சு வச்சுட்டாக" என்றாள். அவளை அனுப்பிவிட்டேன். அபிதா போனில் தேடிப் பார்த்து ஒரு பெரிய பட்டியல் வாசித்தாள். தைராய்டு, சிறுநீரகம், மணிக்கட்டு நரம்பு, சாப்பாடு, சாப்பிடுகிற மாத்திரை என்று. கேட்கக் கேட்க எனக்கே கை மரத்தது.

அதனால் ஒன்றையும் நம்புவதாக இல்லை. வியாழக்கிழமை அபிதா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வருவாள். தேனியில் நரம்பு டாக்டர் ஒரு அம்மா இருக்கிறார்களாம். காரில் கூட்டிப்போவாள். ஓட்டுகிறவர் அபிதாவின் மாப்பிள்ளை தமிழ்மாறன். முகத்தைத் திருப்பாதே. அவரே கேட்டுக்கொண்டு வருகிறார்.

உன் கை தானாகச் செய்ததா என்று கேட்கிறாய். உன் கை உன்னைக் கேட்காமல் ஒரு கறிவேப்பிலை கூடக் கிள்ளாது. எனக்குத் தெரியும்.

உன் முனீஸ்வரி


சின்னமனூர்
21 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

சோதனைகள் எல்லாம் முடிந்தன. அபிதா சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த டாக்டர் சின்னப் பெண். நான் போனதும் என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு, குச்சியால் குத்தி, எங்கே தொடுகிறேன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பல இடங்களில் நான் ஊகித்துத்தான் சொன்னேன். பள்ளியில் கூட நான் அப்படி ஊகித்துப் பதில் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னாள். சாய்ந்துவிட்டேன். பின்னால் நின்று பிடித்துக்கொண்டது தமிழ்மாறன். பிறகு நரம்பில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். சுண்டுகிற மாதிரி வலித்தது. வலித்ததில் எனக்குச் சந்தோஷம்.

நான் அந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அபிதாவையும் தமிழ்மாறனையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன். டாக்டர் தோலையும் முழங்கை நரம்பையும் தடவிப் பார்த்துவிட்டு, "அது இல்லைம்மா. அப்படியே இருந்தாலும் மாத்திரையில குணமாகிற வியாதி. அரசாங்கத்துல சும்மாவே தர்றாங்க. அதுக்குப் பயந்து விரலைச் சுட்டுக்கிட்டு ஒளிச்சு வைப்பீங்களா?" என்று திட்டினாள். எழுபது வயதில் நான் திட்டு வாங்கினேன். சரியான திட்டு.

சர்க்கரை இல்லை. கழுத்து என் வயதுக்கு இருக்கும்படிதான் இருக்கிறது. தைராய்டு சரி. ரத்தத்தில் பி பன்னிரண்டு என்கிற வைட்டமின் அடியோடு இல்லை. அது இல்லாவிட்டால் நரம்பு கெடுமாம். மறதி, தடுமாற்றம், எரிச்சல் எல்லாம் வருமாம். எரிச்சல் எனக்குப் பழையது என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அது எதில் இருக்கிறது என்று கேட்டேன். கறியில், மீனில், முட்டையில், பாலில் என்றாள். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு வருடம் கறி வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். விட்டதை மறுபடி தொடுவது ஒழுங்கில்லை என்று நான்தான் நீட்டினேன். பாலையும் நானாகத்தான் விட்டேன். ஊரே மெச்சியது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாக்கைக் கட்டியவள் என்று ஒரு நாற்காலி போட்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கடுங்காப்பியால் நெஞ்சு எரிகிறது என்று தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுவேன் அல்லவா, மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்குவது? வருடக்கணக்கில் அதைப் போட்டதும் சேர்ந்து கெடுத்திருக்கிறது. இதை உனக்கு முன்பே எழுதிவிட்டேனா? இப்போதெல்லாம் எழுதியது எது, நினைத்தது எது என்று குழம்பிவிடுகிறது.

ஊசி போடுகிறார்கள். முட்டை சாப்பிடச் சொன்னாள். பாலும்.

ஆஸ்பத்திரி கான்டீனில் எனக்குக் காகிதக் கோப்பையில் காப்பி கொடுத்தார்கள். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேன் என்று தெரியாமல் நசுக்கிவிட்டேன். சேலையெல்லாம் காப்பி. தமிழ்மாறன் போய் டபரா செட்டில் வேறு காப்பி வாங்கி வந்து, டபராவில் ஊற்றி, "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்க பெரியம்மா, அகலமா இருக்கும்" என்று கொடுத்தான். நான் டபராவிலேயே குடித்தேன். உறிஞ்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. இதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உன் அக்கா
சோணையம்மாள்


வடுகபட்டி
4 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாமிக்கு விளக்குப் போட்டுவிட்டுத்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன். அழுதேன், சிரித்தேன். டபராவில் குடித்ததை இவரிடம் மட்டும் சொன்னேன். இவர் அபிதாவிடம் சொல்லி, அபிதா மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

ஊசி போட்டுக்கொள்கிறாயா? எறும்பு ஊர்வது குறைந்ததா?

இன்னொரு நல்ல செய்தி. நாகஜோதி நேற்று இங்கே வந்தார்கள். நரம்புக் கோளாறு என்று விவரம் சொன்னேன். மனசு இளகிவிட்டது. "அந்த அம்மா விரதத்துல உருகிப் போயிருக்காக. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். அவுகளே தாலித் தட்ட எடுத்துச் சபைக்குக் காட்டட்டும். விரதம் இருக்கிற கைக்கு எந்தத் தோசமும் இல்ல" என்று அவர்கள் வாயாலேயே சொன்னார்கள். மொக்கைச்சாமி மாமாவுக்கும் அவர்களே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். அபிதா குதிக்கிறாள். தாலித் தட்டு உன் கையில்தான் சபையைச் சுற்றி வரப்போகிறது.

அதனால் ஒரே ஒரு காரியம். நீ முட்டை, பால் சாப்பிடுவது இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம். நான் அவர்களிடம் ஊசி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடிகிற வரைக்கும்தான். யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்று. நீ பொய் சொல்ல வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எனக்காக இதைச் செய் அக்கா.

சேலை எடுக்க அடுத்த வாரம் போகிறோம். உனக்கு என்ன நிறம்?

உன் முனீஸ்வரி


சின்னமனூர்
18 நவம்பர் 2024

அன்புத் தங்கை முனீஸ்வரிக்கு,

எறும்பு குறைந்திருக்கிறது. கால் தரையில் படுவது தெரிகிறது. நேற்று செருப்பு கழன்றபோது உடனே தெரிந்து நின்று மாட்டிக்கொண்டேன். விரல் நுனிகள் மட்டும் இன்னும் வரவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டதால் அது முழுதும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறாள் டாக்டர். தை மாதத்துக்குள் என்று உறுதி சொல்ல அவளால் முடியவில்லை.

நீ எழுதியதைப் பல நாள் வைத்து யோசித்தேன். என் தலை இன்னும் பழையபடி தெளியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் நீ கேட்பது சின்ன விஷயம். இன்னொரு பக்கம் பார்த்தால் என்னால் முடியாதது. நடந்ததை எழுதுகிறேன். எனக்கு வீட்டு வேலை செய்கிற ராக்கம்மாளை உனக்குத் தெரியும். முதல் நாள் முட்டையை அவித்துத் தட்டில் வைத்துவிட்டு, அவள் போய் வாசல் கதவைச் சாத்தினாள். ஏன் என்று கேட்டேன். "யாரும் பாத்துட்டாகன்னா என்ன சொல்லுவாக?" என்றாள். கதவைத் திறக்கச் சொன்னேன். திறந்து வைத்துத்தான் சாப்பிட்டேன். தெருவில் போன பூச்சந்தைக்கார அம்மாள் நின்று பார்த்துவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தொண்டையில் இறங்கவே இல்லை. ஆனாலும் இறக்கினேன்.

ஆறு மாதம் கையை ஒளித்து வைத்தேன். அதில் என்ன வந்தது என்று நீ பார்த்தாய். இன்னொரு முறை தட்டுக்குப் பின்னால் எதையும் ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை. சபையில் யாராவது கேட்டால், சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வேன். அதை உன்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

தட்டு விழுந்தது மனதாலா நரம்பாலா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நரம்பு என்று டாக்டர் சொல்கிறாள், நான் நம்புகிறேன். பாதி நாள் நம்புகிறேன். ஆனால் தமிழ்மாறன் விஷயத்தில் இப்போது என் மனதில் எதுவும் இல்லை. அதை நாகஜோதியிடம் நேரில் சொல்லத் தயார். கம்பத்துக்கு வருகிறேன். அவர்கள் என் கையைப் பிடித்துப் பேசட்டும். அப்போது முட்டையையும் சொல்லிவிடுவேன்.

அன்று என்னைத் தட்டு எடுக்கக் கூப்பிட, சபையில் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. அக்காவின் கை சுத்தமான கை என்றாய். அந்தக் காரணம் இனி இல்லை. இது முட்டை சாப்பிடுகிற கை. புருஷன் இல்லாதவள் கை. நுனியில் உணர்ச்சி இல்லாத கை. இரண்டு கையாலும் பிடித்தாலும் மறுபடி விழாது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இது எல்லாம் தெரிந்த பிறகும், சபைக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல், தாலித் தட்டை நான் எடுக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாயா?

வேண்டாம் என்றால் எனக்கு வருத்தம் இருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு வருவேன், முன் வரிசையில் உட்காருவேன், அபிதாவுக்கு அட்சதை போடுவேன். நீ சொல்வதற்காக உன்னோடு பேசாமல் இருக்க மாட்டேன். அதற்குப் பயந்து நீ ஒன்றை எழுத வேண்டாம்.

சேலைக்கு எந்த நிறமும் சரி.

போனில் சொல்லாதே. அபிதாவிடம் சொல்லி அனுப்பாதே. எடு, வேண்டாம், இரண்டில் ஒன்றை உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அக்கா
சோணையம்மாள்